நாற்பது நாளும் அறுபத்தாறு நாளும்

விபூதிப் புதன் அன்று நம் மாணவியரிடம், "இந்தத் தவக்காலத்துக்கு என்ன தீர்மானம்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் நீளும். இனிப்பைத் தொடமாட்டேன், சினிமா பார்க்கமாட்டேன், தினமும் பூசை காண்பேன், நாள்தோறும் 53 மணி செபமாலை சொல்வேன், தம்பியோடு சண்டை போடமாட்டேன், கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நெற்றியில் சாம்பல் காயுமுன் சொல்லப்படுகிற இத்தீர்மானங்கள் எல்லாம் உண்மையானவையே. ஆனால் குருத்து ஞாயிறன்று அதே கேள்வியை எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை.

இதற்குக் காரணம் பக்திக் குறைவு என்று சட்டென்று முடிவு கட்டிவிடலாகாது. பழக்கம் என்பது எப்படி உண்டாகிறது, எவ்வளவு நாளில் உண்டாகிறது, எதனால் முறிகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கணக்குப் பாடத்துக்கும் அறிவியலுக்கும் முறை உண்டென்று அறிந்த நாம், செபத்துக்கும் ஒறுத்தலுக்கும் மட்டும் ஆர்வமே போதுமென்று இருந்துவிடுகிறோம். முறை உண்டு. நம் முன்னோர் அதைக் கையாண்டார்கள். அதைத்தான் இப்பாடத்தில் ஆராயப்போகிறோம்.

முதலில் நாட்கணக்கு. விபூதிப் புதன் முதல் பெரிய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள். இடையில் வரும் ஞாயிறுகள் 6. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளாகையால் அதை நோன்பு நாளாகக் கொள்வதில்லை. 46-இல் 6 போக மீதி 40. பாலைவனத்தில் நம் ஆண்டவர் நோன்பிருந்த நாட்களின் எண்ணிக்கை இது. பாஸ்குத் திருநாள் ஆண்டுதோறும் மாறுவதால் விபூதிப் புதனும் மாறுகிறது. மிக முந்தினால் பிப்ரவரி 4, மிகப் பிந்தினால் மார்ச் 10.

இந்தப் பிப்ரவரி 4 மிக அரிதாகவே வரும். 1693-ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு பாஸ்கு மார்ச் 22-ஆம் நாள். அதற்கு முன்னதாக அத்திருநாள் வரவே இயலாது. அந்த விபூதிப் புதனன்றுதான் மறவர் நாட்டு ஓரியூரில் புனித அருளானந்தர் வெட்டுண்டு வேதசாட்சியாக உயிர் துறந்தார். தவக்காலம் தொடங்கிய நாளே அவருக்குக் கடைசி நாளாயிற்று. முந்தின நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. லிஸ்பன் நகரில் செல்வக் குடும்பத்தில் 1647-இல் பிறந்து, அரசகுமாரனோடு வளர்ந்தவர் அவர். 1670-களில் மதுரை மிஷனுக்கு வந்ததிலிருந்து காவியுடை தரித்து, புலாலும் மதுவும் நீக்கி, சோறும் கீரையும் உண்டு வாழ்ந்தார். இடையில் 1687-இல் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். சொந்த ஊர், சொந்த அரண்மனை, எல்லா உணவும் கிடைக்கும் இடம். அங்கும் அவர் தமிழ்நாட்டு உணவு முறையை விடவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். இடம் மாறியும் பழக்கம் மாறவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கோடை விடுமுறையைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வேண்டியிருக்கும்.

இனி இன்றைய அறிவியல் சொல்வதைக் கேட்போம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர் 96 பேரைக் கொண்டு 12 வாரம் ஓர் ஆய்வு நடத்தி, அதை 2010-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சிறு செயல் ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள். மதிய உணவோடு ஒரு பழம் தின்பது, இரவு உணவுக்கு முன் சிறிது தூரம் ஓடுவது என்பன போன்றவை. நாள்தோறும் ஒரே வேளையில் அதைச் செய்ய வேண்டும். அது நினைத்துச் செய்யும் வேலையாக இல்லாமல் தானாகவே நிகழ எத்தனை நாள் ஆகிறது என்று அளந்தார்கள். சிலருக்கு 18 நாளே போதுமாயிற்று. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுத்தரம் 66 நாள். எளிய செயல்கள் விரைவில் பழகின. கடினமானவை நாள் பிடித்தன. இன்னொன்றும் கண்டார்கள்: இடையில் ஒரு நாள் தவறிவிட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இந்த 66-ஐத் தவக்கால நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். 2025-இல் விபூதிப் புதன் மார்ச் 5. பாஸ்கு ஏப்ரல் 20. மார்ச் 5-ஐ முதல் நாளாகக் கொண்டால் 66-ஆம் நாள் மே 9. அதாவது பாஸ்கு முடிந்து ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து! நாமோ பாஸ்கு இரவுப் பூசை முடிந்து வீடு திரும்பியதும் "அப்பாடா, தவக்காலம் முடிந்தது" என்று எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுகிறோம். நாற்று வேர் பிடிக்குமுன் பிடுங்கிவிட்டு, பயிர் விளையவில்லையே என்று வருந்துவது எப்படியோ அப்படித்தான் இதுவும்.

அந்த ஆண்டின் தேர்வு நாட்களையும் பக்கத்தில் எழுதுவோம். பிளஸ் டூ தேர்வு மார்ச் 3-இல் தொடங்கி 25-இல் முடிந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28 முதல் ஏப்ரல் 15 வரை. ஏப்ரல் 15 என்பது பரிசுத்த வாரத்துச் செவ்வாய். ஆகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு முழுவதையும் தவக்காலத்துக்குள்ளேயே எழுதி முடித்தார்கள். நம் நாட்டு மாணவிக்குத் தவக்காலம் என்றாலே தேர்வுக் காலம். மடத்தின் அமைதியில் வாழ்வோருக்கு ஏற்ற நீண்ட செபங்களை இந்தப் பிள்ளையின் தலையில் சுமத்தினால், இரண்டாம் வாரத்தில் அவள் செபத்தையும் விடுவாள், மனச்சாட்சியின் உறுத்தலால் படிப்பிலும் தடுமாறுவாள். சகோதரிகளும் பெற்றோரும் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

படப்பை வட்டாரத்துக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. முன்னாளில் கோவில் மணி மூன்று வேளையும் அடிக்கும். மாலை மணி கேட்டதும் விளக்கேற்றி, பாய் விரித்து, குடும்பம் முழுதும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும். இன்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலை நெடுகத் தொழிற்சாலை வாகனங்கள். ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து அப்பா ஒரு வாரம் மாலை வருகிறார், மறு வாரம் நள்ளிரவில் வருகிறார், அதற்கடுத்த வாரம் விடியற்காலையில் வருகிறார். அம்மாவும் வேலைக்குப் போகிறார். "எட்டு மணிக்குக் குடும்பச் செபம்" என்று சுவரில் எழுதி ஒட்டினால், எட்டு மணிக்கு வீட்டில் இருப்பது பிள்ளையும் பாட்டியும்தான். அப்பாவைக் குறை கூறிப் பயனில்லை. மணியைப் பிடித்துக்கொள்ளாமல் செயலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த ஷிப்டில் இருந்தாலும் அப்பா வீட்டிலிருந்து புறப்படும்போது செருப்பு மாட்டுவார் அல்லவா? அந்த வேளையில் வாசற்படியில் நின்று, வீட்டில் இருப்பவர் எல்லாரும் சேர்ந்து ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லலாம். ஒரு நிமிடம் ஆகும். ஷிப்ட் மாறினாலும் செருப்பு மாட்டுவது மாறாது. மேற்சொன்ன ஆய்விலும் இதே முறைதான்: நாள்தோறும் தவறாமல் நிகழ்கிற ஒன்றோடு புதிய செயலை முடிந்துவிடுவது.

மாணவிக்கும் அப்படியே. தலை பின்னி முடித்தவுடன். பஸ்ஸில் ஏறி இடம் பிடித்தவுடன். வினாத்தாள் கைக்கு வருமுன் பேனா மூடியைத் திறக்கும்போது. ஏதேனும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. இரண்டு வேண்டாம்.

இப்போது பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருகிறோம். ஆத்தும சோதனைக் குறிப்பேடு.

புனித லொயோலா இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூலுக்கு 1548-இல் மூன்றாம் சின்னப்பர் என்ற பாப்பரசர் ஒப்புதல் அளித்தார். அதில் தனி ஆத்தும சோதனை என்று ஒரு முறை உள்ளது. போர்வீரராயிருந்தவர் அல்லவா? முறை மிகத் துல்லியமாயிருக்கும். ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும், "இன்று இதில் விழமாட்டேன்" என்று தீர்மானம். மதிய உணவுக்குப் பின் முதல் கணக்கு. இரவு உணவுக்குப் பின் இரண்டாம் கணக்கு. தாளில் ஒரு நாளுக்கு இரண்டு கோடுகள். எழுந்ததிலிருந்து மதியம் வரை எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளிகள் முதல் கோட்டில்; அதன்பின் இரவு வரை விழுந்தவை இரண்டாம் கோட்டில். இரவில் இரு கோட்டையும் ஒப்பிட வேண்டும். மறுநாள் முந்தின நாளோடு. வாரம் முடிந்ததும் முந்தின வாரத்தோடு. இடையில் எப்போது தவறினாலும் கையை நெஞ்சில் வைத்து மனம் வருந்த வேண்டும். நாலு பேர் நடுவிலும் பிறர் அறியாமல் இதைச் செய்யலாம் என்கிறார். வகுப்பறையிலும் செய்யலாம் என்பது நம் கருத்து!

ஒரு வாரத்துக்கான கோடுகளை வரைந்து, அவற்றின் முன் ஓர் எழுத்தையும் பொறித்துக் காட்டியிருக்கிறார். அந்த எழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகிறது. குற்றமும் அவ்வாறே சிறுத்துப் போகும் என்ற நம்பிக்கையை அதில் நாம் காண்கிறோம். மறைந்துபோகும் என்று அவர் காட்டவில்லை. கடைசி நாளிலும் எழுத்து இருக்கிறது, சிறியதாக.

இந்த இஞ்ஞாசியாரின் தோழர் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்தார். தமிழ் தெரியாதவர். இரு மொழியும் அறிந்தோரைக் கூட்டி வைத்து, மிகுந்த பாடுபட்டுச் செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் தாய் தந்தையர்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் நம் நாட்டில் அச்சான முதல் நூல் அதுவே. பக்கம் 16. அடுத்த ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம். அதற்கடுத்த 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதற்கான கொம்பெசியோனாயரு. பாருங்கள், தமிழில் அச்சுக்கலை தொடங்கி இரண்டே ஆண்டில், தன் மனச்சாட்சியைத் தானே ஆராய்வதற்கென்று ஒரு நூல் வந்துவிட்டது. முத்துக் குளிப்போரும் மீன் பிடிப்போரும் தங்கள் தாய்மொழியில் தங்கள் உள்ளத்தைச் சோதிக்க வேண்டும் என்று அந்தப் போர்த்துக்கேயர் எண்ணியிருக்கிறார். ஆகவே குறிப்பேடு வைத்து ஆத்தும சோதனை செய்வது நமக்குப் புதுப் பழக்கமன்று.

சிறுமலர் தெரசம்மாளும் குழந்தைப் பருவத்தில் ஒரு வழி வைத்திருந்தாள். கயிற்றில் கோத்த மணிகள் அவள் சட்டைப் பையில் இருக்கும். ஓர் ஒறுத்தல் செய்ததும் பைக்குள் கைவிட்டு ஒரு மணியை நகர்த்துவாள். அவள் தாய் ஒரு கடிதத்தில் இதைச் சிரிப்போடு எழுதியிருக்கிறார். இஞ்ஞாசியார் விழுந்ததை எண்ணினார். தெரசம்மாள் எழுந்ததை எண்ணினாள். எது நல்லது என்று கேட்டால், சிறு பிள்ளைகளுக்குத் தெரசம்மாளின் வழியே நல்லது என்போம். விழுந்ததை மட்டும் எண்ணுகிற பிள்ளை சில நாளில் தன்னையே வெறுக்கத் தொடங்கிவிடும். இஞ்ஞாசியாரும் இதை அறியாதவர் அல்லர். அவருடைய பொது ஆத்தும சோதனை குற்றத்தில் தொடங்குவதில்லை, நன்றியில் தொடங்குகிறது. முதலில் அன்று பெற்ற நன்மைகளுக்கு நன்றி, அதன்பின் ஒளி கேட்டல், அதன்பின்தான் கணக்கு, பிறகு மன்னிப்பு, கடைசியில் நாளைக்கான தீர்மானம். அவசரத்தில் நம் பிள்ளைகள் முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவதில் குதிக்கிறார்கள்.

தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் குறிப்பேட்டைத் திறந்து பார்க்காதீர்கள். மதிப்பெண் போடாதீர்கள். "யார் அதிகம் செய்தார்கள்" என்று வகுப்பில் கேட்கவே வேண்டாம். கேட்ட மறுநாளே அது பொய்க்கணக்காகிவிடும். செபம், தருமம், நோன்பு ஆகிய மூன்றையும் மறைவில் செய்யும்படி ஆண்டவர் சொன்னதை விபூதிப் புதன் பூசையில்தானே வாசிக்கக் கேட்கிறோம்!

அடுத்து உணவு. இங்கே பல தவறான எண்ணங்கள் இருப்பதால் திருச்சபையின் சட்டத்தைத் தெளிவாகக் கூற வேண்டியிருக்கிறது. நம் பாட்டிமார் தவக்காலத்து வார நாட்கள் எல்லாவற்றிலும் ஒருசந்தி இருந்தார்கள்; அதாவது முழு உணவு ஒரு வேளை மட்டுமே. 1966 பிப்ரவரி 17-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அம்முறையை மாற்றினார். இன்று நடைமுறையிலுள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, ஒருசந்தி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டு நாளே. அதுவும் 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். சுத்தபோசனம், அதாவது புலால் நீக்குதல், 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஆகையால் நம் பள்ளியில் ஏறக்குறைய எந்த மாணவிக்கும் ஒருசந்திக் கடமையே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச்சோகை. வளரும் பெண் காலை உணவை விட்டுவிட்டு வெயிலில் வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுவது தவம் அன்று. கொடுத்த முட்டையையும் கீரையையும் சுண்டலையும் முகம் சுளிக்காமல் உண்டு, அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறாமல் விழுங்குவது பல பெண்களுக்கு உண்மையான ஒறுத்தலாக இருக்கும். வாய்க்கு ருசியானதை விடுங்கள். உடலுக்கு வேண்டியதை விடாதீர்கள். மாலை பஸ் நிறுத்தத்தில் வாங்கும் பானிபூரியையும் குளிர்பானத்தையும் விடலாமே! உடலும் தேறும், பணமும் மிஞ்சும்.

மிஞ்சிய பணம் யாருக்கு? அது தருமத்துக்கு. சேமித்ததை உங்களுக்கே வைத்துக்கொண்டால் அது சிக்கனம், நல்ல குணம்தான். ஆனால் நோன்பு அன்று. கோவிலில் தவக்கால உண்டியல் உண்டு. வீட்டில் பழைய பிடியரிசி முறையும் உண்டு. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் தம் அடியார்களிடையே இதே பிடியரிசித் திட்டத்தை வளர்த்தார். தூர மிசோரம் மலைநாட்டிலும் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளை சமையலிலும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வருகிறார்கள். அந்த ஒரு பிடியால் அச்சபையின் பெரும் பணிகள் நடக்கின்றன. உலை வைப்பது நாள்தோறும் நிகழ்வதால் பிடியரிசியும் மறக்காது. செருப்பு மாட்டும் செபத்துக்குச் சொன்ன காரணமே இதற்கும்.

கிறிஸ்தவரல்லாத மாணவியரும் நம்மிடம் பலர் படிக்கிறார்கள். மார்கழியில் நாளுக்கொரு பாசுரமாக 30 நாள் திருப்பாவை ஓதும் பிள்ளைக்கு இப்பாடத்தை விளக்கவே வேண்டாம். 2025-இல் ரமலான் நோன்பு நம் நாட்டில் மார்ச் 2-இல் தொடங்கியது. மூன்று நாள் கழித்து விபூதிப் புதன். ஒரே பெஞ்சில் இரண்டு நோன்பும் நடந்த மாதம் அது.

பரங்கிமலைக்கு நம்மூரிலிருந்து தவக்கால யாத்திரை செல்வோர் உண்டு. அடிவாரத்திலிருந்து உச்சிவரை சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் உள்ளன. வெள்ளிக்கிழமை மாலை ஏறுவது நல்ல அனுபவம். அந்தப் படிகளைக் கட்டியவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். நம் மணிமங்கலத்துக்கு அருகே மலைப்பட்டு ஏரியில் புறப்பட்டு ஓடும் அடையாற்றின் மேல், சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டியவரும் அவரே. யாத்திரீகர் வெள்ளத்தில் அகப்படாமல் மலைக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். பாலத்தையும் படியையும் கட்டியதோடு அவர் நிற்கவில்லை. பிற்காலத்தில் அவற்றைப் பழுதுபார்ப்பதற்கென்று ஒரு நிதியும் ஒதுக்கி வைத்தார். கட்டும்போதே பழுதையும் எதிர்பார்த்த மனிதர்.

நம் குறிப்பேட்டிலும் பழுதுக்கு இடம் வேண்டும். ஒரு நாள் எழுத மறந்தால் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். மறந்த நாளுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு செய்யப் புகாதீர்கள். அது மூன்றாம் நாள் கைவிடுவதற்கே வழி. இரண்டு நாள் தொடர்ந்து மறந்தால் மட்டும், நீங்கள் தெரிந்துகொண்ட வேளை சரிதானா என்று பாருங்கள். பெரும்பாலும் வேளைதான் தவறாக இருக்கும். இரவு படுக்கையில் என்று வைத்த செபம் தூக்கத்தில் கரைந்துவிடும். அதை விளக்கணைக்குமுன் பல் துலக்கும் வேளைக்கு மாற்றுங்கள்.

இனிக் கோடை விடுமுறை. பாஸ்கு முடிந்ததும் பிள்ளைகள் வந்தவாசிக்கும் திண்டிவனத்துக்கும் தாத்தா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பஸ் இல்லை, பள்ளி மணி இல்லை, தலை பின்னுவதற்கும் நேரம் காலம் இல்லை. எதோடு பழக்கத்தை முடிந்தோமோ அதுவே அவிழ்ந்துபோகிறது. 40 நாள் தாங்கிய பழக்கம் உடைவது இங்கேதான். லிஸ்பனுக்குப் போனபோதும் அருளானந்தர் தம் உணவு முறையைத் தம்மோடு கொண்டுபோனார் என்று பார்த்தோமே! ஆகையால் புறப்படும் முன்னரே, ஊரில் எந்த வேளையில் செய்வது என்று முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தாத்தா வீட்டில் காலைக் காபி தவறாது. அதற்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம்.

2025-இல் ஜூன் 2-ஆம் நாள் பள்ளிகள் திறந்தன. விபூதிப் புதனிலிருந்து எண்ணினால் அது 90-ஆம் நாள். எனவே அடுத்த விபூதிப் புதனுக்கு முன் ஒரு மெல்லிய நோட்டு வாங்கி 90 வரிகளுக்கு எண் போடுங்கள். 46-ஆம் எண்ணுக்குக் கீழே ஒரு சிறு சிலுவை வரையுங்கள். 66-ஐச் சுற்றி ஒரு வட்டம். முதல் பக்கத்தில் நீங்கள் தெரிந்துகொண்ட ஒன்றை மட்டும் எழுதி, அதை எந்த வேளையில் செய்வீர்கள் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம்.